ஜெயிலுக்குப் போகும் கடிதத்தில் திருநீறு வைக்கலாமா?

போன இதழில் ஒரு வாசகி, அமெரிக்காவில் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயிலில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போவது பற்றிக் கேட்டிருந்தார். பதிலின் கடைசியில், "நேரில் போக முடியாவிட்டால் ஒரு கடிதமாவது போடுங்கள்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கேள்விகள். எல்லாவற்றிலும் "பெயர் போட வேண்டாம்" என்ற குறிப்பு. புரிகிறது. நம் வீடுகளில் யாராவது உள்ளே போய்விட்டால் இங்கே இருப்பவர்களிடம் "ஊருக்குப் போயிருக்கான்" என்கிறோம், ஊரில் கேட்பவர்களிடம் "அமெரிக்காவில் வேலை நெருக்கடி" என்கிறோம், இரண்டு பொய்யையும் சொல்லிவிட்டதால் யாரிடமும் விவரம் கேட்கவும் வழியில்லாமல் போய்விடுகிறது. வக்கீல் ஆபீஸ் ஒன்றில் பல வருஷம் கவர் ஒட்டியவள் என்ற தகுதியில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் கணவரின் தம்பி மூன்று வாரமாக டெக்சாஸில் ஒரு கவுன்டி ஜெயிலில் இருக்கிறான். அவன் பெயரும் ஜெயில் முகவரியும் எழுதிக் கடிதம் போட்டேன். பத்து நாளில் ஒரு சிவப்பு முத்திரையோடு திரும்பி வந்துவிட்டது. எங்கே தப்பு அக்கா?
வாசகி, டாலஸ் அருகே

தமிழில் நமக்கு எல்லாமே ஜெயில்தான். இங்கே ஜெயில் வேறு, பிரிசன் வேறு. கவுன்டி ஜெயில் நம் ஊர்க் கிளைச் சிறை மாதிரி. வழக்கு இன்னும் நடக்கிறவர்கள், ஜாமீன் கட்ட முடியாதவர்கள், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் முடிகிற சின்ன தண்டனைக்காரர்கள் இருக்கும் இடம். நடத்துவது அநேகமாக அந்தக் கவுன்டியின் ஷெரிஃப், அதாவது தலைமைக் காவல் அதிகாரி. பிரிசன் என்பது மாநில அரசோ மத்திய அரசோ நடத்துவது, நம் மத்திய சிறை போல. இந்த நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகள் இருக்கின்றன, கடித விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அதனால் பக்கத்துக் கவுன்டியில் மச்சானுக்குக் கடிதம் போட்டவர் சொன்னதை நம்பி எழுதாதீர்கள். அந்த ஜெயிலின் இணையப் பக்கத்தில் கைதிகளுக்கான தபால் என்று ஒரு பகுதி இருக்கும், அதை முழுசாகப் படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

உங்கள் கடிதம் திரும்பியதற்கு நான் சந்தேகப்படுவது இரண்டு காரணம். ஒன்று, பெயரும் எண்ணும். கைதானவரைப் பதிவு செய்யும்போது ஓர் எண் கொடுப்பார்கள், புக்கிங் எண் என்பார்கள். கவரில் பெயரோடு அது இல்லாவிட்டால் பல ஜெயில்களில் தேடக்கூட மாட்டார்கள். அந்த எண் ஷெரிஃப் தளத்தில் கைதி தேடும் இடத்தில் கிடைக்கும். ஆனால் அங்கேதான் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், அல்லது மொத்தமே ஒரே பெயர்தான் இருக்கும். ஒற்றைப் பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில், முதல் பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்திருப்பார்கள், 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. போலீஸ்காரர் விசாவைப் பார்த்து அப்படியே ஏற்றிவிடுவார். வீட்டில் கூப்பிடும் பெயரில் தேடினால் ஆளே இல்லை என்று காட்டும், அப்பா பெயரில் தேடினால் வந்து நிற்பான். அங்கே என்ன எழுத்தில் இருக்கிறதோ, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், அதே எழுத்தில் கவரில் எழுதுங்கள். திருத்தப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது காரணம் முகவரி. ஆள் இருக்கும் இடத்துக்குத்தான் கடிதம் போக வேண்டும் என்று நாம் நினைக்கிறோம், இப்போது பல இடங்களில் அப்படியில்லை. காகிதத்தைப் போதைப் பொருள் கரைசலில் நனைத்துக் காயவைத்து அனுப்பும் வேலை பரவியதால், கடிதங்களை வெளியே ஒரு தனியார் நிறுவனத்துக்கு வரவழைத்து, பிரித்து, ஸ்கேன் செய்து, உள்ளே டேப்லெட்டிலோ நகல் தாளிலோ காட்டும் முறை வந்துவிட்டது. 2018-ல் பென்சில்வேனியா மாநிலச் சிறைகள் இப்படி மாறியபோது, பென்சில்வேனியாவில் இருக்கும் மகனுக்கு அதே ஊரில் இருக்கும் அம்மா எழுதும் கடிதம் புளோரிடாவுக்குப் போக வேண்டியதாயிற்று. கலிபோர்னியாவின் சான் மெட்டேயோ கவுன்டி ஜெயில் 2021-ல் இந்த வழிக்கு வந்தது, அதை எதிர்த்து 2023-ல் வழக்கும் போட்டார்கள். ஆகவே கொழுந்தன் இருக்கும் ஜெயிலின் பக்கத்தில் தபால் முகவரி என்று வேறு மாநிலப் பெட்டி எண் போட்டிருந்தால் பதறாதீர்கள், அதுதான் சரியான முகவரி.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்கேன் ஆன பிறகு அசல் கடிதம் பெரும்பாலும் அழிக்கப்படும். வீட்டில் ஒரே ஒரு பிரதி இருக்கிற பழைய போட்டோவை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பிவிடாதீர்கள். நகல் எடுத்து அனுப்புங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம், ஆனால் சின்ன விஷயத்துக்குத்தான் அதிகம் திரும்பி வரும். வெள்ளைத் தாள், நீலம் அல்லது கறுப்பு மை. ஸ்டேப்ளர் பின், கிளிப், செல்லோடேப் வேண்டாம். அனுப்புநர் முகவரியைக் கையால் முழுசாக எழுதுங்கள், அச்சடித்த ஸ்டிக்கர் வேண்டாம். நானே ஒரு முறை, இலவசமாக வந்த முகவரி ஸ்டிக்கர் வீணாகிறதே என்று ஒட்டி அனுப்பி, அந்த அரை அங்குல ஸ்டிக்கருக்காகக் கடிதம் முழுசாகத் திரும்பி வந்தது.

என் மகன் அமெரிக்காவில் ஜெயிலில் இருக்கிறான். மருமகள்தான் விவரம் சொல்கிறாள். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. தமிழில் எழுதினால் கொடுப்பார்களா? நெல்லையப்பர் கோயில் திருநீறு கொஞ்சம் கடிதத்தில் மடித்து வைக்கலாமா? முறுக்கு, அதிரசம் அனுப்பினால் சேருமா?
ஒரு தாய், திருநெல்வேலி

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பலகாரம் சேராது. பாளையங்கோட்டையில் மனு பார்க்கப் போகிறவர்கள் பையோடு போவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் பழக்கம் இங்கே இல்லை. வீட்டிலிருந்து எந்தத் தீனியும் உள்ளே போகாது. உள்ளே கமிசரி என்று ஒரு கடை உண்டு, மருமகளை அவன் கணக்கில் பணம் போடச் சொன்னால் அதில் நூடுல்ஸ், பிஸ்கட், காபித்தூள் வாங்கிக்கொள்வான். தாளும் ஸ்டாம்பும்கூட அங்கேதான் வாங்க வேண்டும். பதில் எழுதட்டும் என்று கடிதத்துக்குள் ஸ்டாம்ப் வைத்து அனுப்பினால் பல இடங்களில் எடுத்துவிடுவார்கள்.

திருநீறு வைக்கவே வைக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2001-ல் இந்த நாட்டில் யாரோ ஆந்த்ராக்ஸ் என்ற கிருமித் தூளைக் கடிதங்களில் வைத்து அனுப்பி ஐந்து பேர் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து கவருக்குள் வெளிறிய தூளைக் கண்டால் தபால் பிரிக்கும் ஆளுக்குக் கை நடுங்கும். கவசம் போட்ட ஆட்கள் வரவழைக்கப்படலாம், கட்டிடத்தையே காலி செய்யலாம், அப்புறம் "இது யாருக்கு வந்தது" என்று உங்கள் மகனைத்தான் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். சாம்பல் என்று அவனால் எத்தனை பேருக்கு விளக்க முடியும்? குங்குமமும் கூடாது. நல்லது என்று தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவீர்களே, அதுவும் கூடாது, கறை படிந்த தாளை மருந்து தடவியதாகத்தான் பார்ப்பார்கள். செண்ட் வாசனையும் அப்படித்தான்.

தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஸ்வஸ்திகம் மட்டும் வரையாதீர்கள். நமக்கு அது மங்கலம், இங்கே ஜெயிலில் அது வெள்ளை இனவெறிக் கும்பல்களின் குறி. கல்யாணப் பத்திரிகையின் மூலையில் அச்சாகியிருந்தால்கூட, அந்தப் பத்திரிகையை அப்படியே வைத்து அனுப்ப வேண்டாம்.

தமிழில் எழுதலாமா என்றால், எழுதுங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மா வேறு எதில் எழுத முடியும்? படித்துப் பார்க்க ஆள் தேட வேண்டியிருப்பதால் தாமதமாகலாம், சில இடங்களில் முரண்டு பிடிக்கவும் செய்யலாம். அயோவா மாநிலத்தில் ஒரு சிறையில் ஸ்பானிஷிலும் ஜெர்மனிலும் எழுத மற்றவர்களை விட்டுவிட்டு, லாவோஸ் நாட்டுக் கைதி ஒருவரை மட்டும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். அவர் வழக்குப் போட்டார், 1994-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. தமிழ் என்பதற்காக மட்டும் கடிதம் நின்றுவிட்டால் மகனின் வக்கீலிடம் இந்த வழக்கை மருமகள் நினைவுபடுத்தலாம். எதற்கும், கடைசியில் "அம்மா நலம், அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, கோயிலுக்குப் போய் வந்தோம்" என்ற அளவில் ஆங்கிலச் சுருக்கம் இரண்டு வரி மருமகள் சேர்த்துவிட்டால் பார்ப்பவருக்கு வேலை சுலபம்.

இன்னொரு யோசனை. ஊரிலிருந்து கடிதம் போக வாரக்கணக்கில் ஆகும். 2025-ல் அமெரிக்காவின் புது இறக்குமதி விதியால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியத் தபால் துறை இங்கே அனுப்புவதையே நிறுத்தி வைத்ததும் நடந்தது. நீங்கள் உங்கள் கையால் தாளில் எழுதி, படம் எடுத்து மருமகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவள் அதை அச்செடுத்து உள்நாட்டுத் தபாலில் போட்டுவிடட்டும், 2025 ஜூலையில் விலை ஏறியபோதே ஸ்டாம்ப் 78 சென்ட்தான் இருந்தது. எப்படியும் அவன் கைக்கு வரப்போவது பெரும்பாலும் நகல்தான், உங்கள் கையெழுத்து அதிலும் அப்படியே இருக்கும். அசல் உங்களிடமே பத்திரமாக இருக்கும். அதன் மேல் எவ்வளவு திருநீறு வேண்டுமானாலும் பூசி சாமி படத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் இந்தியக் குடிமகன் என்றால் இன்னொன்றையும் மருமகளிடம் சொல்லிவையுங்கள். அவன் கேட்டுக்கொண்டால் இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியது இங்குள்ள அதிகாரிகளின் கடமை, வியன்னா உடன்படிக்கையில் உள்ளது. பலர் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பதே இல்லை.

என் நண்பனின் வழக்கில் நடந்த உண்மை எனக்குத் தெரியும். போனில் பேசினால் பதிவாகும் என்கிறார்கள். அதனால் தமிழில் கடிதமாக எழுதலாம் என்று இருக்கிறேன். யாருக்குப் புரியப்போகிறது?
வாசகர், அட்லாண்டா

தம்பி, வேண்டாம். பேனாவைக் கீழே வையுங்கள்.

தமிழ் என்ன ரகசிய மொழியா? எட்டுக் கோடிப் பேர் பேசுகிறோம், மொழிபெயர்க்க ஆள் கிடைக்காதா? அரசு வக்கீல் கேட்டால் ஒரு நாளில் ஆங்கிலத்தில் டைப் செய்து வைத்துவிடுவார்கள். ஸ்கேன் செய்யும் இடமென்றால் கடிதம் ஒரு கணினியில் உட்கார்ந்திருக்கிறது, உங்கள் பெயர் முகவரியோடு. தங்கிலீஷில் எழுதினாலும் அதே கதை. "நீ சொன்ன மாதிரியே நானும் சொல்லிட்டேன்" என்று பாசத்தில் எழுதும் ஒரு வரி போதும், இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாட்சியைக் கலைத்ததாகப் புது வழக்கு வரும். தெரிந்த உண்மையை அவன் வக்கீலிடம் சொல்லுங்கள்.

வக்கீல் கடிதத்துக்கு மட்டும் தனி மரியாதை உண்டு. அதைக் கைதியின் கண் முன்னால் பிரித்து, உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை என்று 1974-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்த நடைமுறைதான் இன்றும். இதைக் கேள்விப்பட்டு, வீட்டுக் கடிதத்தின் மேல் 'லீகல் மெயில்' என்று எழுதி அனுப்பும் புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட வேகமாகக் கடிதத்தின் மேல் சந்தேகத்தைக் கொண்டுவர வேறு வழியில்லை.

ஆறு வயது மகள் அப்பாவுக்குப் படம் வரைந்து வைத்திருக்கிறாள். எங்கள் கவுன்டியில் போஸ்ட்கார்டு மட்டும்தான் அனுமதியாம். என்ன செய்வது?
வாசகி, அரிசோனா

போஸ்ட்கார்டு மட்டும் என்ற விதி பிரபலமானதே உங்கள் மாநிலத்தில்தான். மரிகோபா கவுன்டி ஷெரிஃப் ஜோ அர்பாயோ 2007-ல் கொண்டுவந்தார், அதைப் பார்த்து நாட்டின் பல பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். ஒரெகனில் கொலம்பியா கவுன்டி வைத்திருந்த அதே மாதிரி விதியை 2013-ல் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று அடித்துவிட்டது. ஆனாலும் எல்லா இடத்திலும் போய்விடவில்லை.

கிரேயான், வாட்டர் கலர், மினுக்கு, ஒட்டு வேலை எதுவும் நேரடியாகப் போகாது. படத்தை போன் கேமராவில் எடுத்து, போஸ்ட்கார்டு அளவில் சாதாரண அட்டையில் வண்ண அச்சு எடுத்து, பின்பக்கம் அவளையே பேனாவில் "அப்பா" என்று எழுதச் சொல்லி அனுப்புங்கள். கார்டின் அளவு வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசலை அவள் பெயர் போட்ட ஃபைலில் வையுங்கள், அவர் வெளியே வந்ததும் பார்க்கட்டும்.

தமிழ்ப் புத்தகம் அனுப்பலாமா?
வாசகர், ஃப்ரீமான்ட்

உங்கள் அலமாரியிலிருந்து எடுத்து அனுப்ப முடியாது. பதிப்பகமோ புத்தகக் கடையோ நேரடியாக அனுப்ப வேண்டும், மெல்லிய அட்டை, புதுப் பிரதி. கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு இப்படிக் கட்டுப்பாடு வைப்பது சரி என்று 1979-லேயே உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, அதுவும் விசாரணைக் கைதிகள் தொடர்பான வழக்கில்தான். பெரிய ஆன்லைன் கடையில் தமிழ்ப் புத்தகம் கிடைத்தால் பெறுநராக அவர் பெயரும் எண்ணும் கொடுத்து வாங்கலாம், விற்பவர் அந்தக் கடையேதானா, வேறு பழைய புத்தக வியாபாரியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடித முகவரி வேறு, புத்தக முகவரி வேறாக இருப்பது சகஜம்.

என் அக்காவின் மகனை அமெரிக்காவில் குடிவரவு அதிகாரிகள் பிடித்து ஒரு கவுன்டி ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். குற்றம் ஒன்றும் செய்யவில்லை, அகதி விண்ணப்பம்தான். அவருக்கு எப்படிக் கடிதம் போடுவது? நாங்கள் கனடாவில் இருக்கிறோம்.
வாசகர், ஸ்காபரோ

குடிவரவுத் துறை தன் கைதிகளை வைக்கச் சில கவுன்டி ஜெயில்களில் பணம் கொடுத்து இடம் எடுத்திருக்கிறது, அதனால்தான் குற்றவழக்கு இல்லாதவரும் அங்கே இருக்கிறார். உங்கள் மருமகனுக்கு 'ஏ' எழுத்தில் தொடங்கும் ஓர் எண் இருக்கும், அவர் கையில் கொடுத்த ஒவ்வொரு தாளிலும் அச்சாகியிருக்கும். குடிவரவுத் துறையின் தேடல் பக்கத்தில் அந்த எண்ணையும் பிறந்த நாட்டையும் கொடுத்தால் எங்கே இருக்கிறார் என்று காட்டும். கவரில் அந்த எண்ணை எழுதுங்கள், ஜெயில் தன் எண் வேறு கொடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

இவர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் வேறு மாநிலத்துக்கு மாற்றிவிடுவார்கள், அதுதான் பெரிய தொல்லை. ஒவ்வொரு முறை தபாலில் போடும் முன்பும் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். முக்கியமான தாள் எதையும் அசலாக அனுப்ப வேண்டாம். ஊர்க் கடிதம், சாட்சிக் கடிதம் போன்ற விண்ணப்பத்துக்கான காகிதங்கள் வக்கீல் கைக்குத்தான் போக வேண்டும்.

அண்ணன் மகனுக்கு எழுத உட்கார்ந்தால் எனக்குத் திட்டத்தான் வருகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். வேறு என்னதான் எழுதுவது?
ஒரு சித்தப்பா, நியூ ஜெர்சி

திட்டாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் மேலே அட்லாண்டா தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள். "அன்னிக்கும் நாலு பெக் போட்டுட்டுத்தானே சாவியை எடுத்தே" என்று நீங்கள் எழுதினால் அது திட்டு இல்லை, சாட்சியம். கவுன்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் இன்னும் தண்டனை பெறாதவர்கள், உங்கள் பையனும் அதில் ஒருவன். திட்டை அவன் வெளியே வந்த பிறகு நேரில் வட்டியோடு கொடுங்கள்.

கடிதத்துக்கு மேலே தேதியும், 1, 2, 3 என்று வரிசை எண்ணும் போடுங்கள். நான்காவது வந்து மூன்றாவது வரவில்லை என்றால் ஏதோ நின்றிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கடிதத்தை நிறுத்தினால் கைதிக்குத் தகவல் சொல்லி, எழுதியவருக்கு ஆட்சேபிக்க வாய்ப்பும் கொடுக்க வேண்டும் என்று 1974-ல் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் ஒன்று காணாமல் போயிருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்.

உள்ளே இருப்பவனை அரிப்பது பெரும்பாலும் வெளியே பாதியில் விட்டுவிட்டு வந்த காரியங்கள்தான். வாடகை யார் கட்டினார்கள், வேலை செய்த இடத்தில் என்ன சொன்னீர்கள், பாட்டிக்குத் தெரியுமா, ஃப்ரிட்ஜில் இருந்த பால் என்ன ஆச்சு. இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதுங்கள். எங்கள் ஆபீஸுக்கு வந்த ஒரு பையன் ஐந்து மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன், தனக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தான். ஸ்கேன் நகல்தான், மங்கலான தாள், மாமா எழுதியது. மொத்தம் ஆறு வரி. அதில் நான்கு வரி, அவன் காரை வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து தெருவைச் சுற்றி ஓட்டி நிறுத்துவதைப் பற்றி.